கட்டும் அவிழ்ப்பும்

ஊவா மலைச்சரிவில், கொழும்பிலிருந்து ஏறிவரும் நெடுஞ்சாலை இரு கிளையாகப் பிரியும் இடம் பெரகல. ஒரு கிளை அப்புத்தளைக்கு ஏறும்; மற்றொன்று கொஸ்லாந்தை வழியே வெல்லவாயாவுக்கு இறங்கும். சுற்றிலும் தேயிலை. விடியலில் கொழுந்தெடுக்கச் செல்வோரின் பின்னே லயத்து நாயும் மலையேறும். கவ்வாத்து முடிந்த மலையில் வெட்டுண்ட கிளைகள் ஈட்டிமுனைபோல் நிற்கும். மாலையில் அந்நாய் முன்காலைத் தூக்கி நொண்டியபடி வாசலுக்கு வருகிறது. பாதத்தின் கரிய மெத்தையில் ஒரு விரற்கடைக் கீறல். படிக்கட்டில் சொட்டுச் சொட்டாய்க் குருதி.

வீட்டார் கை முதலில் தேடுவது கோப்பித்தூளை. அல்லது மஞ்சளை, மண்ணெண்ணெயை. தூள் புண்ணுக்குள் அந்நியப் பொருளாய்த் தங்கி அழுக்கைச் சேர்க்கும். மண்ணெண்ணெய் உயிரணுக்களைச் சுடும். நாய் அதை நக்கி வாந்தி எடுத்தால் நுரையீரலுக்குள் புகுந்து உயிருக்கே ஊறு செய்யும். உண்மையில் புண்ணை ஆற்றுவது உடலே. காயம்பட்ட சில நொடிகளில் குருதித் தட்டுகள் கூடிப் புண்ணின் வாயை அடைக்கும். நாரியன் என்னும் இழை வலைபோற் பின்னி அவ்வடைப்பை இறுக்கும். அடுத்த சில நாட்களில் வெள்ளணுக்கள் அழுக்கையும் நுண்ணுயிரையும் விழுங்கும். பின்னர்ச் செந்நிறப் புதுத்தசை அரும்பும். ஓரத்திலிருந்து தோல் ஊர்ந்து மூடும். இவ்வேலைக்கு இடையூறு நேராமற் காப்பதொன்றே நம் கட்டின் கடமை.

முதற்கட்டு புண்ணுக்கன்று, வாய்க்கு. வலி கண்ட நாய் வளர்த்த கையையும் கடிக்கும். ஆதலால் மென்துணிப் பட்டையால் மூக்கைச் சுற்றி, தாடைக்கீழ் முடிந்து, காதுகளின் பின்னே கட்டுக. மூச்சுத் திணறும் நாய்க்கும் வாந்தி எடுக்கும் நாய்க்கும் இது கூடாது. அடுத்துத் தூய துணியை மடித்துப் புண்ணின்மேல் வைத்து ஐந்து நிமிடம் அழுத்துக. இடையில் எடுத்துப் பார்த்தால் உறைந்த வலை பிய்ந்து குருதி மீண்டும் கசியும். குருதி நின்றபின், அரை லீட்டர் கொதித்தாறிய நீரில் ஒரு தேக்கரண்டி உப்புக் கரைத்து மெல்லக் கழுவுக. அவ்வுப்புநீர் உடல்நீரின் உவர்ப்பை ஒத்திருப்பதால் அணுக்களைச் சிதைக்காது.

கட்டு மூன்று படையாலானது. புண்ணில் ஒட்டாத மெல்லிய உட்படை. ஈரம் உறிஞ்சும் பஞ்சு இடைப்படை. இரண்டையும் தாங்கும் துணிச்சுருள் புறப்படை. நாய்க்கு வியர்ப்பது பெரும்பாலும் பாதமெத்தையில். எனவே விரலிடுக்குகளிலும் சிறிது பஞ்சு வைத்தல் வேண்டும். விரல்நுனியிலிருந்து மேல்நோக்கி, முந்திய சுற்றில் பாதியை மூடிச் சுற்றுக. நடு விரல்கள் இரண்டின் நகநுனி மட்டும் வெளியே தெரியட்டும்.

எவ்வளவு இறுக்கலாம் என்பதில்தான் பலர் தவறுகின்றனர். பிரெஞ்சு அறிஞர் லாப்பிளாசு வகுத்த விதியின்படி, வளைபரப்பைச் சுற்றிய துணியின் அழுத்தம், இழுவிசையோடும் சுற்றுகளின் எண்ணிக்கையோடும் ஏறும். உறுப்பின் பருமன் கூடக் குறையும். நம் முன்கையின் பாதிச் சுற்றளவே உள்ள நாய்க்காலில் அதே துணியை அதே விசையில் இழுத்துச் சுற்றினால் அழுத்தம் இருமடங்கு. நம் கைக்கு இதமான இறுக்கம் நாயின் காலுக்குச் சுருக்காகிவிடும். வெளியே விட்ட நகங்கள் இதற்குச் சான்று கூறும்: அவை விலகி விரிந்தாலோ, விரல் குளிர்ந்தாலோ, வீங்கினாலோ உடனே அவிழ்த்தல் வேண்டும்.

காற்றாட விட்டால்தான் புண் ஆறும் என்ற நம்பிக்கை நெடுங்காலம் நிலவியது. 1962இல் ஜார்ஜ் விண்டர் என்பார் பன்றிகளின் தோற்புண்ணை மென்படலத்தால் மூடி ஆய்ந்து, மூடிய புண்ணில் புதுத்தோல் ஏறத்தாழ இருமடங்கு விரைவாய்ப் படர்வதைக் காட்டினார். ஆயினும் புண்ணுக்குள்ளிருந்து ஊறும் ஈரம் வேறு, பெரகல மழையில் நனைந்த கட்டின் ஈரம் வேறு. வெளியீரம் தோலை ஊறவைத்து நுண்ணுயிரை உள்ளிழுக்கும். வெளியே போகும் சிறுபொழுதுக்கு மட்டும் பொலித்தீன் பையைப் பாதத்தில் மாட்டி, திரும்பியதும் கழற்றுக. நனைந்தாலும் நாறினாலும் கட்டை மாற்றுக. எவ்வாறாயினும் நாள்தோறும் ஒருமுறை அவிழ்த்துப் பார்க்க. காயத்தில் ஈ முட்டையிட்டால் ஒரு நாளுக்குள்ளேயே புழு வெளிவந்து தசையைத் துளைக்கும். கட்டிவிட்டு மறந்தவர் வீட்டில் புழுவைத் தேடி அலைய வேண்டியதில்லை.

கட்டு வேண்டாத காயமும் உண்டு. அட்டைக் கடியிலிருந்து குருதி நெடுநேரம் கசியும். அட்டையின் உமிழ்நீர் குருதி உறைவதைத் தடுக்கும் என ஹேக்ராஃப்ட் என்னும் ஆய்வாளர் 1884இல் கண்டறிந்தார். அங்கே பஞ்சால் பொறுமையாய் அழுத்துவதே போதும்.

வீட்டுக் கட்டுக்கு அடங்காத காயமும் உண்டு. காட்டுப்பன்றிக்கு வைத்த சுருக்குக்கம்பி அறுத்த கால், பன்றிக்கொம்பு கிழித்த வயிறு, பீறிடும் குருதி ஆகியன கால்நடை மருத்துவர் கைக்குரியவை. வெறிநாய்க் கடியென ஐயமிருந்தால் புண்ணைத் தொடுமுன் கையுறை அணிக; உமிழ்நீர் பட்ட நம் தோலைச் சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி மருத்துவமனை செல்க.

சிறு கீறலாயின் இரு கிழமையளவில் மெத்தையில் புதுத்தோல் வெளிறித் தெரியும். நாயும் நொண்டலை மறந்து கொழுந்துமலைப் பாதையைப் பார்த்து வாலாட்டும். இன்னும் சிலநாள் அதைக் கவ்வாத்து மலைக்கு விடாதிருத்தல் நன்று. ஆறிய தோல் பழைய வலுவில் ஐந்தில் நான்கு பங்கையே மீளப்பெறும். அதற்கும் மாதங்கள் சில செல்லும்.