"காத்திருக்கிறேன்" என்றது யார்? கோபுரம் இல்லாத விமான நிலையத்தில் 14 உயிர்களைப் பறித்த குழப்பம்

கே.எல்.ஐ.ஏ.விலோ சாங்கியிலோ விமானம் ஏறுபவர்களுக்கு, ஓடுபாதைக்கு அருகே உயர்ந்து நிற்கும் கட்டுப்பாட்டுக் கோபுரம் பழகிப்போன காட்சி. அங்கிருந்து அனுமதி வராமல் எந்த விமானமும் ஓடுபாதைக்குள் நுழைவதில்லை. ஆனால், எல்லா விமான நிலையங்களிலும் அப்படியொரு கோபுரம் இருப்பதில்லை. அமெரிக்காவில் பொதுப் பயன்பாட்டுக்கான விமான நிலையங்கள் ஏறக்குறைய 5,000 உள்ளன. அவற்றில் கோபுரம் உள்ளவை ஐந்நூற்றுச் சொச்சம்தான். மற்ற இடங்களில் யார் முதலில் இறங்குவது, யார் காத்திருப்பது என்பதை விமானிகளே ரேடியோவில் பேசி முடிவு செய்துகொள்கிறார்கள்.

நம் தோட்டப்புறச் செம்மண் சாலைகளில் சமிக்ஞை விளக்கு கிடையாது. செம்பனைக் குலை ஏற்றிய லோரி, வளைவில் ஹாரன் அடித்துக்கொண்டுதான் திரும்பும். எதிரே மோட்டார் சைக்கிளில் வருபவர் அதைக் கேட்டு ஒதுங்கிக்கொள்வார். கோபுரம் இல்லாத இடத்தில் ரேடியோதான் அந்த ஹாரன்.

இதற்கு ஒரு முறை இருக்கிறது. அந்த வட்டாரத்தில் இருக்கும் விமானிகள் எல்லாரும் ஒரே அலைவரிசையைக் கேட்க வேண்டும். இறங்க வருபவர் சுமார் 10 மைல் தொலைவிலேயே பேசத் தொடங்குவார். ஊர்ப் பெயர், விமானத்தின் வகை, அதன் எண், இப்போது இருக்கும் இடம், இறங்கப்போகும் ஓடுபாதை என வரிசையாகச் சொல்லி, கடைசியில் மறுபடியும் ஊர்ப் பெயரைச் சொல்லி முடிப்பார். அக்கம்பக்கத்து ஊர் விமான நிலையங்களும் அதே அலைவரிசையில் இருக்கக்கூடும் என்பதால்தான் பெயரை இரண்டு முறை சொல்கிறார்கள். வாக்கி டாக்கி பயன்படுத்திய காவலாளிகளுக்கு இதில் உள்ள இன்னொரு சிக்கல் தெரியும். இருவர் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்தினால் இருவர் பேச்சும் கெட்டு, இரைச்சல்தான் மிஞ்சும்.

இந்த முறை எங்கே உடையும் என்பதை இல்லினாய் மாநிலத்தின் குவின்சி நகரில் நடந்த விபத்து காட்டியது.

1996 நவம்பர் 19, மாலை ஐந்து மணி. பொழுது சாயும் நேரம். சிகாகோவிலிருந்து பர்லிங்டன் வழியாக வந்த யுனைடெட் எக்ஸ்பிரஸ் 5925 விமானம், குவின்சியில் 13ஆம் ஓடுபாதையில் இறங்க வந்துகொண்டிருந்தது. 19 பேர் அமரக்கூடிய பீச்கிராஃப்ட் 1900 வகை விமானம் அது. பத்துப் பயணிகளும் இரண்டு விமானிகளும் இருந்தனர். அதே நேரத்தில் 4ஆம் ஓடுபாதையின் முனையில் இரண்டு சிறு விமானங்கள் புறப்பட நின்றன. முன்னால் ஒரு கிங் ஏர், அதன் பின்னால் ஒரு செரோக்கி.

ஓடுபாதை எண் என்பது திசைகாட்டியின் பாகை. 13 என்றால் 130 பாகை, 4 என்றால் 40 பாகை. ஆக, இரண்டும் செங்குத்தாக வெட்டிக்கொள்ளும் பாதைகள். நாற்சந்தி மாதிரிதான்.

இறங்க வந்த விமானிகள் தங்கள் கடமையைச் செய்தார்கள். பல முறை அறிவித்தார்கள். தரையை நெருங்கியபோது, 4ஆம் ஓடுபாதையில் இருக்கும் விமானம் நிற்கப் போகிறதா, புறப்படப் போகிறதா என்று கேட்கவும் செய்தார்கள். அந்தக் கேள்வியில் ஒரு சிறு ஓட்டை இருந்தது. "கிங் ஏர்" என்று பெயர் சொல்லிக் கேட்கவில்லை. அங்கே நின்றதோ இரண்டு விமானங்கள்.

பதில் சொன்னவர் பின்னால் நின்ற செரோக்கி விமானி. தம் விமானத்தின் எண்ணைச் சொல்லி, 4ஆம் ஓடுபாதையில் புறப்படக் காத்திருப்பதாகத் தெரிவித்தார். அந்த நொடியில், இறங்கிக்கொண்டிருந்த விமானத்தின் எச்சரிக்கைக் கருவி "இருநூறு" என்று உயரத்தை உரக்கச் சொல்லி அவர் பேச்சில் குறுக்கிட்டது. கடைசியில் "கிங் ஏர்" என்ற சொல்லும் அவர் வாயிலிருந்து வந்தது. முன்னால் நிற்கும் கிங் ஏர்தான் வழி விடுகிறது என்று 5925இன் விமானிகள் புரிந்துகொண்டு, நன்றியும் சொன்னார்கள். இதற்கு முன் கிங் ஏரிலிருந்து பேசியது பெண் குரல், இப்போது வந்தது ஆண் குரல். தரைக்கு இருநூறு அடி உயரத்தில் அதைக் கவனிக்க யாருக்கு நேரம் இருந்திருக்கும்?

செரோக்கி விமானி குழப்பத்தைத் திருத்தவில்லை. ஆனாலும் அவரை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முதன்மைக் காரணமாகக் குறிப்பிட்டது கிங் ஏரைத்தான். அதில் இருந்தவர்கள் அலைவரிசையைச் சரிவரக் கவனிக்கவில்லை, அல்லது வெளியே முறையாகப் பார்க்கவில்லை என்பது வாரியத்தின் முடிவு. புறப்பாட்டை அறிவிக்காமலேயே கிங் ஏர் ஓடத் தொடங்கியது. இரண்டு ஓடுபாதைகளும் சந்திக்கும் இடத்தில் இரண்டு விமானங்களும் மோதித் தீப்பிடித்தன.

மனத்தை உலுக்குவது அதன் பிறகு நடந்ததுதான். பயணிகள் விமானத்தில் இருந்தவர்கள் மோதலில் சாகவில்லை. விமான நிலையத்தில் இருந்த சிலர் ஓடிச் சென்று கதவைத் திறக்கப் போராடினார்கள். கேப்டன் உள்ளே இருந்தபடி கதவைத் திறக்கச் சொல்லிக் கேட்டார். கதவு திறக்கவே இல்லை. தீயும் புகையும் முந்திக்கொண்டன. 12 பேரும் மாண்டனர். கிங் ஏரில் இருந்த இருவரையும் சேர்த்து மொத்தம் 14 பேர்.

ரேடியோவில் ஒருவரை ஒருவர் தெளிவாகக் கேட்டுக்கொண்டால் மட்டும் போதுமா என்றால், அதுவும் போதாது. 2022 ஆகஸ்டு 18 அன்று கலிபோர்னியாவின் வாட்சன்வில்லில் கோபுரம் இல்லாத நிலையத்தில் இரண்டு செஸ்னா விமானங்கள் இறங்க வந்தன. இரண்டும் தத்தம் இடத்தை அறிவித்துக்கொண்டே இருந்தன. பெரிய விமானம் வழக்கத்தைவிட மிக வேகமாக நேர்கோட்டில் வந்தது. அது வேகமாக நெருங்குவதைக் கண்ட சிறிய விமானத்தின் விமானி, தாம் இறங்காமல் மேலெழப் போவதாக ரேடியோவில் சொன்னார். சொன்ன சற்று நேரத்தில் இரண்டும் மோதின. மூவர் உயிரிழந்தனர்.

அமெரிக்காவின் சில விமான நிலையங்களில் ரேடியோ இல்லாத பழைய விமானங்களும் சட்டப்படி இறங்கலாம். அதனால்தான் அலைவரிசை அமைதியாக இருந்தாலும் வானம் காலியாக இருப்பதாக எண்ணக் கூடாது என்று பயிற்சியாளர்கள் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஓடுபாதைக்குள் நுழையும் முன் இரு பக்கமும் கண்ணால் பார்ப்பதும் அந்தப் பாடத்தில் ஒன்று.

குவின்சி விசாரணையில் இன்னொரு கேள்வியும் எழுந்தது. அந்த நிலையத்தில் போதிய தீயணைப்பு வசதி இல்லாததை உயிரிழப்புக்கான காரணங்களில் ஒன்றாக வாரியம் சொன்னது. அன்றைய விதி 30 இருக்கைகளுக்கு மேற்பட்ட விமானங்கள் வரும் நிலையங்களுக்கே தீயணைப்பு வசதியைக் கட்டாயமாக்கியிருந்தது. குவின்சிக்கு வந்ததோ 19 இருக்கை விமானம். பத்து முதல் 30 இருக்கை வரையிலான பயணிகள் விமானங்கள் வந்து போகும் நிலையங்களையும் சான்றிதழ் விதிகளுக்குள் கொண்டுவரும் திருத்தம் 2004இல்தான் வந்தது.