நல்லெண்ணெய் ஊசியும் 0.22 மைக்ரானும்: எண்ணெய் மருந்துக்கு ஃபில்டர் எப்படித் தேர்ந்தெடுக்கிறாங்க?

இன்னிக்கு எபிசோட் எண்ணெயைப் பத்தி. சமையல் எண்ணெய் இல்ல, ஊசி வழியா உடம்புக்குள்ள போற எண்ணெய்.

ஹாலோபெரிடால் டெக்கனோயேட்னு ஒரு மருந்து இருக்கு. மனச்சிதைவு நோய்க்குப் பெரும்பாலும் 4 வாரத்துக்கு ஒருமுறை தசையில் போடுற ஊசி. அது எதுல கரைஞ்சிருக்கு தெரியுமா? நல்லெண்ணெய்ல! கூடவே 1.2 சதவீதம் பென்சைல் ஆல்கஹால். எண்ணெய்ல இருக்கிறதால மருந்து தசையிலயே தங்கி, மெதுமெதுவா ரத்தத்துக்குப் போகுது. தினமும் மாத்திரை போடறதுக்குப் பதிலா மாசம் ஒரு ஊசி.

ஆனா ஊசி மருந்துல ஒரு கிருமிகூட இருக்கக் கூடாது. அதை எப்படி உறுதி பண்றது?

ஏன் சூடுபண்ணிக் கொல்ல முடியாது?

ஆட்டோகிளேவ்ல 121 டிகிரியில் 15 நிமிஷம் வெச்சா கிருமி சாகும். ஆனா அங்க வேலை செய்யறது வெறும் சூடு மட்டும் இல்ல, ஈரமும் சேர்ந்துதான். மூடின குப்பிக்குள்ள இருக்கிற எண்ணெய்ல தண்ணியே கிடையாது. அதனால உள்ள நடக்கிறது உலர்சூடு. அதுக்கு 121 டிகிரி பத்தாது. 160 டிகிரியில் 2 மணி நேரமாவது வேணும். வெறும் எண்ணெய் அதைத் தாங்கும். ஆனா கரைஞ்சிருக்கிற மருந்து பல நேரம் தாங்காது. அப்போ மிச்சம் இருக்கிற வழி, வடிகட்டுறது.

1960கள் வரைக்கும் 0.45 மைக்ரான் ஃபில்டரே போதும்னு நினைச்சாங்க. அப்புறம் ஒரு குட்டி பாக்டீரியா அதைத் தாண்டி வர்றதைக் கண்டுபிடிச்சாங்க. இன்னிக்கு அதோட பெயர் பிரெவண்டிமோனாஸ் டிமினூட்டா. இப்போ 0.22 மைக்ரான் ஃபில்டருக்குப் பரீட்சை வைக்கிறதே அதுதான். ஒரு சதுர சென்டிமீட்டருக்குக் குறைஞ்சது 1 கோடி பாக்டீரியாவை அனுப்புவாங்க. மறுபக்கம் ஒண்ணுகூட வரக் கூடாது.

ஃபில்டர்ங்கிறது ஒரு பொருள் இல்ல, மூணு

நான் சாஃப்ட்வேர் ஆளு. அதனால எனக்கு இது டிபெண்டன்சி பிரச்சினை மாதிரி தெரியுது. 0.22னு லேபிள் இருந்தா வேலை முடிஞ்சதுன்னு நினைப்போம். ஆனா உள்ள மூணு தனித்தனி பொருள் இருக்கு: சவ்வு, அதைச் சுத்தியிருக்கிற கூடு, கசிவைத் தடுக்கிற ஓ ரிங். ஒண்ணு சொதப்பினா மொத்தமும் சொதப்பல்தான்.

முதல்ல சவ்வு. இங்க பெரும்பாலும் எண்ணெய் வில்லன் இல்ல; அது கூட வர்ற கரைப்பான்தான். குறைப்பிரசவத்தைத் தடுக்க அமெரிக்காவுல மக்கேனான்னு ஒரு ஊசி இருந்தது. 2023ல அனுமதியைத் திரும்பப் பெற்றாங்க. அதுல ஆமணக்கெண்ணெய் 28.6 சதவீதம், பென்சைல் பென்சோயேட் 46 சதவீதம். கிட்டத்தட்ட பாதி கரைப்பான்! தண்ணி மருந்துக்கு அருமையா வேலை செய்யற பிஇஎஸ் சவ்வும் செல்லுலோஸ் அசிட்டேட்டும் இந்த மாதிரி கரைப்பான்ல உப்பலாம், இளகலாம். துளை பெருசானா அது 0.22 இல்லவே இல்ல.

அதனாலதான் பிடிஎஃப்இ, அதாவது நம்ம நான்ஸ்டிக் தோசைக்கல்லுல இருக்கிற டெஃப்லான், முதல் ஆளா வரும். கிட்டத்தட்ட எந்த ரசாயனமும் அதைத் தொடாது. தண்ணியை அது ஒதுக்கும், எண்ணெயை உள்ள விடும். இதுல இன்னொரு பாடமும் இருக்கு: தண்ணியை இழுக்கிற சவ்வை நீராவியில சுத்தம் பண்ணிட்டு சரியா உலர்த்தலைன்னா, துளைக்குள்ள நிக்கிற தண்ணியே எண்ணெய்க்குக் கதவைச் சாத்திடும்.

ரெண்டாவது கூடு. பாலிப்ரோப்பிலீன் பரவாயில்ல. பாலிஸ்டைரீன், பாலிகார்பனேட், அக்ரிலிக் எல்லாம் இந்தக் கரைப்பான்கள் பட்டா விரிசல் விடலாம், கரையவும் செய்யலாம்.

மூணாவது, யாரும் கண்டுக்காத ஓ ரிங். சிலிக்கோனும் இபிடிஎம் ரப்பரும் எண்ணெய்ல உப்பக்கூடியவை. விட்டான் மாதிரி ஃப்ளோரின் கலந்த ரப்பர் எண்ணெயை நல்லா தாங்கும்.

சார்ட் பார்த்தா போதுமா?

தயாரிப்பாளர்கள் பொருத்தப் பட்டியல் கொடுப்பாங்க. அது யூனிட் டெஸ்ட் மாதிரி. ஒரு ரசாயனம், ஒரு வெப்பநிலை, குறிப்பிட்ட நேரம். நம்ம மருந்து கலவை. நல்லெண்ணெய் தண்ணியைவிடப் பல பத்து மடங்கு கெட்டி, ஆமணக்கெண்ணெய் பல நூறு மடங்கு. அதனால மெதுவா ஒழுகும், மணிக்கணக்குல சவ்வைத் தொட்டுக்கிட்டே இருக்கும். சீக்கிரம் போகணும்னு சூடு பண்ணினா எண்ணெய் இளகும். ஆனா கரைப்பான் சவ்வைத் தின்கிற வேகமும் கூடும். அழுத்தத்தை ஏத்தினா, ஏற்கெனவே இளகின சவ்வு கிழியலாம்.

அதனால உண்மையான மருந்துல, உண்மையான சூட்டுல, உண்மையான நேரத்துக்கு ஃபில்டரை ஊறவெச்சு, முன்னும் பின்னும் எடை பார்ப்பாங்க. பிளாஸ்டிக்கிலிருந்து ஏதாவது மருந்துக்குள்ள கசிஞ்சிருக்கான்னும் பார்ப்பாங்க.

வடிச்ச பிறகு குமிழிச் சோதனை. நனைஞ்ச ஃபில்டர்ல காத்தழுத்தத்தை ஏத்திக்கிட்டே போவாங்க. பெரிய துளை எதுவோ அதுலதான் முதல் குமிழி வரும். தண்ணியோட பரப்பு இழுவிசை சுமார் 72, எண்ணெய்க்கு 30 சொச்சம்தான். அதனால எண்ணெயில நனைஞ்ச ஃபில்டர் நல்லா இருந்தாலும் தண்ணியோட பாஸ் மார்க்கை எட்டாது. அந்தந்த மருந்துக்குத் தனியா பாஸ் மார்க் வைக்கணும்.

இது நமக்கு எதுக்கு?

ஜிம் போறவங்க இதைக் கேளுங்க. லேபிள் இல்லாத எண்ணெய் ஸ்டீராய்டு ஊசியை விக்கிறவங்க, "ப்ரோ, 0.22ல வடிச்சதுதான்"னு சொன்னா, அது சான்றிதழ் இல்ல. எந்தச் சவ்வு, எந்தக் கூடு, வடிச்ச பிறகு குமிழிச் சோதனை நடந்துச்சா? எதுவும் தெரியாது. எல்லாம் சரியா இருந்தாலும், செத்த பாக்டீரியா விட்டுட்டுப் போற எண்டோடாக்சினை 0.22 பிடிக்காது. அளவு தப்பா இருந்தா அதைத் திருத்தாது. வடிச்ச மருந்து போய் விழுற குப்பி அசுத்தமா இருந்தா, அத்தனை வேலையும் வீண். விளைவு, தசைக்குள்ள சீழ்க்கட்டி. ஏற்கெனவே போட்டுட்டு ஊசி போட்ட இடம் சிவந்து, சூடா, வீங்கியிருந்தா, காய்ச்சல் வந்தா, வெட்கப்படாம டாக்டர்கிட்ட போங்க. என்ன போட்டீங்கன்னு மறைக்காம சொல்லுங்க.

0.22ங்கிறது துளையோட அளவு. பாதுகாப்புங்கிறது அந்த அளவு கடைசிச் சொட்டு வரைக்கும் மாறாம இருந்துச்சுன்னு நிரூபிக்கிறது. கேள்வி இருந்தா அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல பேசுவோம்.