என்ஜின் வேலை பார்த்த பைக்கில் சத்தமா? 'ஓட ஓட சரியாகிடும்' என்பதை நம்பலாமா?

பல ஆயிரம் செலவழித்து என்ஜினைப் பிரித்து, போர் போட்டு, புது பிஸ்டன் மாட்டி பைக்கை வெளியே எடுத்தால், முன்பு இல்லாத ஒரு சத்தம். கேட்டால், "ஓட ஓட சரியாகிடும்" என்ற பதில்தான் வரும். புது ரிங் சிலிண்டரோடு பழக சில நூறு கிலோமீட்டர் ஆகும் என்பது உண்மைதான். ஆனால் இரும்பு தட்டுகிற சத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சத்தம் எங்கே, எப்போது?

நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை என்ஜினில் வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டினால் இடம் தெரிந்துவிடும்.

மேலே ஹெட்டில் சீராக 'டிக் டிக்' கேட்டால், பெரும்பாலும் டேப்பெட் இடைவெளி அதிகம். பெரும்பாலான 100 சிசி பைக்குகளில் இது 0.1 மி.மீ.யைத் தாண்டாது. என்ஜின் நன்றாக ஆறிய பிறகுதான் ஃபீலர் கேஜ் வைத்துப் பார்க்கணும். சத்தமே வேண்டாம் என்று இறுக்கிவிட்டால், வால்வு முழுசா மூடாமல் கருகிப் போகும். அது சத்தத்தைவிட மோசம்!

காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது 'கடகட', சூடானதும் குறைகிறதா? சிலிண்டருக்குள் பிஸ்டன் லூசாக இருக்கலாம், அதாவது போர் அளவு தப்பு. பக்கவாட்டில் சங்கிலி உரசுவது போலக் கேட்டால் டைமிங் செயின் டென்ஷனரைப் பாருங்கள்.

எதற்குப் பயப்படணும்?

மேடு ஏறும்போது அடியிலிருந்து கனமாக 'டொக் டொக்' வந்தால், கனெக்டிங் ராட் பேரிங் மீதுதான் முதல் சந்தேகம். மேல் வேலை மட்டும் பார்த்து, கிராங்கைத் தொடாமல் விட்டிருந்தால் இன்னும் அதிகம். ஹெட்டுக்கு ஆயில் ஏறாவிட்டாலும் சத்தம் வரும். இந்த இரண்டிலும் வீடு வரைக்கும்கூட ஓட்டக்கூடாது. உடனே ஆஃப் பண்ணிவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு போவதுதான் செலவு குறைவு.