வெயில் நாட்டில் வைட்டமின் டி குறைவா?

நம்ம இயக்கக் கூட்டங்களில் மண்ணுக்கு என்ன சத்து குறையுது என்று மணிக்கணக்கில் பேசுகிறோம். பிள்ளை பெற்ற மகளுக்கும் மருமகளுக்கும், அவர்கள் மடியிலிருக்கும் குழந்தைக்கும் என்ன குறையுது என்று பேசுவது அபூர்வம். இந்த முறை அதை எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

வைட்டமின் டி சாப்பாட்டில் கிடைப்பது சொற்பம். வெயிலின் புற ஊதா ‘பி’ கதிர் தோலில் படும்போதுதான் உடம்பு அதைத் தயாரிக்கிறது. அது போதாவிட்டால், சாப்பிட்ட சுண்ணாம்புச் சத்தைக் குடல் சரியாக எடுத்துக்கொள்ளாது. 100 கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. இருந்து என்ன, லாக்கருக்குச் சாவி வேணுமே!

33 வருஷம் வங்கியில் இருந்தவன், கணக்காகவே சொல்கிறேன். குழந்தையின் தொடக்க இருப்பு தாயின் கணக்கிலிருந்துதான் வருகிறது. லக்னோவில் 207 கர்ப்பிணிகளைப் பரிசோதித்த ஆய்வு 2005இல் வெளியானது. 84 சதவீதம் பேருக்குப் போதிய அளவு இல்லை. தாய்மாரின் சராசரி ஒரு மில்லிக்கு 14 நானோகிராம். தொப்புள்கொடி ரத்தத்தில் 8.4. பொதுவாக 20க்குக் கீழே போனாலே பற்றாக்குறை என்கிறார்கள். வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊரில் இந்த நிலைமை.

காரணம் எளிது. வெயில் வெளியே, நாம் உள்ளே. கருத்த தோலுக்கு வெயில் கூடுதல் நேரம் படணும். கண்ணாடி ஜன்னல் வழியாக வருகிற வெயிலில் அந்தக் கதிர் வராது. பச்சை உடம்புக்காரியைக் காற்றுப் படாமல் அறைக்குள்ளேயே வைக்கிறது நம்ம வழக்கம். காலை ஆறரை மணி இளம் வெயில் இதமானதுதான், ஆனால் அதில் இந்தக் கதிர் மிகக் குறைவு. நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக விழும் நேரத்தில்தான் அது நன்றாகக் கிடைக்கும். அதற்காகக் கைக்குழந்தையை உச்சி வெயிலில் போட்டுவிடக் கூடாது, தோல் தாங்காது.

பேத்திக்கு டாக்டர் சொட்டு மருந்து எழுதியபோது எங்க வீட்டம்மா பிடித்துக்கொண்டாள். “தாய்ப்பால்ல இல்லாததா இந்தப் பாட்டில்ல இருக்குது?”

நியாயமான கேள்விதான். தாய்ப்பாலுக்கு ஈடு எதுவுமில்லை. ஆனால் இந்த ஒன்று மட்டும் அதில் ரொம்பக் கம்மி. ஒரு லிட்டரில் பெரும்பாலும் 100 யூனிட்கூட இருக்காது. குழந்தைக்குத் தினம் 400 யூனிட் என்பதுதான் இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் பரிந்துரை. பற்றாக்குறை முற்றினால் கால் வளையும், பல் தாமதமாக முளைக்கும். ரத்தத்தில் சுண்ணாம்பு இறங்கி வலிப்பு வந்த குழந்தைகளும் உண்டு. இயற்கை விவசாயம் செய்கிறோம் என்பதற்காக இந்தச் சொட்டை மறுக்க வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஒரு மில்லிக்கு 400 யூனிட் உள்ள பாட்டிலும் உண்டு, 800 உள்ளதும் உண்டு. கடையில் மாற்றிக் கொடுத்தால் அளவு இரட்டிப்பாகிவிடும். லேபிளைப் படித்து, டாக்டர் சொன்ன அளவைப் பாட்டிலோடு வரும் அளவியில் எடுங்கள். மிஞ்சினால் சிறுநீரகத்துக்குக் கேடு. கூடக் கொட்டினால் கூட விளையும் என்கிற யூரியா புத்தி இங்கே ஆகாது.

தாய்க்கு ரத்தப் பரிசோதனை வேண்டுமா, மாத்திரை வேண்டுமா என்பதை டாக்டரிடம் கேளுங்கள். நம்ம பங்குக்கு, வெயிலில் மேயும் நாட்டுக்கோழி முட்டையின் மஞ்சள் கருவில், கொட்டகையிலேயே அடைபட்ட கோழி முட்டையைவிட இந்தச் சத்து அதிகம். காளான் போடுகிற நண்பர்கள், அறுத்த காளானைச் செதில் பக்கம் மேலே பார்க்க நடுப்பகல் வெயிலில் கொஞ்ச நேரம் பரப்பினால் அதிலும் வைட்டமின் டி உண்டாகும். அறுத்த பிறகும் வெயிலை வாங்கிக்கொள்கிறது பாருங்கள்.