கடனாக வரும் தூக்கம்

மாத்திரை, மூலிகை, ஜாதிக்காய்ப் பால், மனப் பயிற்சி என்று தூக்கமின்மைக்கு வைத்தியங்கள் ஏராளம். எது பலன் தருகிறது? எது என்ன விலை கேட்கிறது?

2015 செப்டம்பர். தெலங்கானாவின் நிஜாமாபாத், மேதக் வட்டாரங்களில் மருத்துவமனைகளுக்கு விநோதமான நோயாளிகள் வரத் தொடங்கினார்கள். கை கால் நடுக்கம், வலிப்பு, தூக்கமின்மை, சம்பந்தமில்லாத பேச்சு. காரணம் அவர்கள் புதிதாகச் சாப்பிட்ட எதுவுமல்ல. பல காலமாகச் சாப்பிட்டு வந்த ஒன்று திடீரென்று நின்றுபோனதுதான். கலப்படக் கள் மீது அதிகாரிகள் நடவடிக்கை எடுத்ததும், கள்ளில் கலந்துவந்த அல்ப்ரசோலம், டயஸிபாம் போன்ற மருந்துகளும் அவர்களுக்குக் கிடைக்காமல் போயின.

இந்த இரண்டு பெயர்களும் நகரத்து நடுத்தரக் குடும்பங்களுக்குப் பழக்கமானவை. தலையணை அருகிலோ, சாமி அலமாரியின் கீழ்த்தட்டிலோ இருக்கும் அட்டைகளில் அச்சிடப்பட்டிருப்பவை. கள்ளில் கலந்து வந்தாலும் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டின் மூலம் வந்தாலும் மூளை அவற்றுக்குப் பழகிக்கொள்ளும் விதம் ஒன்றே. தூக்க வைத்தியங்களை ஒப்பிடும்போது, "எது சீக்கிரம் தூங்க வைக்கும்?" என்று கேட்டால் மட்டும் போதாது. "எதை நிறுத்திய பிறகும் தூக்கம் நிலைக்கும்?" என்றும் கேட்டாக வேண்டும்.

மருத்துவ அளவுகோலின்படி, தூங்க வசதியும் நேரமும் இருந்தும் வாரத்துக்கு மூன்று இரவுகளாவது தூக்கம் கெட்டு, பகல் வேலை பாதிக்கப்பட்டு, இது மூன்று மாதங்களாவது நீடித்தால் அது நாள்பட்ட தூக்கமின்மை. பரீட்சைக்கு முந்தைய இரவும், உறவினர் இறந்த வாரமும் இதில் சேராது.

மாத்திரைகளின் பரம்பரை

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் கோலோச்சியவை பார்பிட்யூரேட் மாத்திரைகள். தூக்கத்துக்கான அளவுக்கும் மரணத்துக்கான அளவுக்கும் இடைவெளி குறைவு என்பதே அவற்றின் பெரிய குறை. 1960-இல் லிப்ரியமும் 1963-இல் வேலியமும் வந்தபோது டாக்டர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். பென்சோடயஸிபின் என்ற இந்தக் குடும்பத்தின் இந்திய முகம் காம்போஸ். பலருக்கு அந்தப் பெயரே தூக்க மாத்திரைக்கு மறுபெயராயிற்று.

மூளையில் 'காபா' என்றொரு ரசாயனம் பிரேக் போல வேலை செய்கிறது. இந்த மாத்திரைகள் அந்த பிரேக்கை மேலும் அழுத்துகின்றன. பதற்றம் தணிகிறது, கண் சொக்குகிறது. ஆனால் சில வாரங்களில் மூளை இதற்கு ஈடுகட்டப் பழகிவிடுகிறது. அரை மாத்திரை ஒன்றாகிறது, ஒன்று இரண்டாகிறது. நிறுத்தினால் பழைய தூக்கமின்மை முன்னைவிட மோசமாகத் திரும்புகிறது. "எனக்கு மாத்திரை இல்லாமல் முடியாது" என்று நோயாளி முடிவு கட்டுவது இந்தக் கட்டத்தில்தான்.

டயஸிபாம் உடலை விட்டு முழுமையாக வெளியேறப் பல நாட்கள் ஆகும். முதியவர்களுக்கு இது மறுநாள் தள்ளாட்டத்தையும் மறதியையும் கொண்டுவருகிறது. இரவில் கழிப்பறைக்கு எழுந்து விழுந்து இடுப்பெலும்பு முறிவதில் முடியலாம். மதுவுடனோ ஓபியம் வகை வலிநிவாரணிகளுடனோ சேர்ந்தால் மூச்சே அடங்கக்கூடும். பழக்க அடிமைத்தனம் குறித்து இந்த மருந்துகள் அனைத்துக்கும் கட்டமிட்ட எச்சரிக்கை வேண்டும் என்று 2020-இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் உத்தரவிட்டது.

அடுத்த தலைமுறை சோல்பிடம். சில மணி நேரத்தில் உடலை விட்டு நீங்குவதால் காலையில் மந்தம் குறைவு என்று வரவேற்கப்பட்டது. ஆனால் பெண்களின் ரத்தத்தில் அது கூடுதல் நேரம் தங்குவது தெரிந்ததும், 2013-இல் அவர்களுக்கான அளவு 10 மிலிகிராமிலிருந்து 5-ஆகக் குறைக்கப்பட்டது. தூக்கத்திலேயே நடப்பது, சமைப்பது, கார் ஓட்டுவது போன்ற சம்பவங்களுக்காக 2019-இல் இதற்கும் கட்டமிட்ட எச்சரிக்கை வந்தது.

44,089 பேர் பங்கேற்ற 154 சோதனைகளை ஒப்பிட்டு 2022-இல் 'லான்செட்' இதழில் ஓர் ஆய்வு வெளியானது. எஸோபிக்ளோன், லெம்போரெக்ஸன்ட் ஆகிய இரண்டுமே ஒப்பீட்டளவில் மேல் என்றது அது. ஆனால் முன்னதில் பக்க விளைவுகள் அதிகம். பின்னதன் பாதுகாப்பு பற்றித் தகவல் போதவில்லை. முதல் பரிசு பெற்றவர்களின் நிலையே இது.

சளி, அலர்ஜி மாத்திரைகளைத் தூக்கத்துக்காக விழுங்குவோரும் உண்டு. சில நாட்களிலேயே அவற்றின் மயக்கம் பழகிவிடும். முதியவர்களுக்கு மனக்குழப்பமும் சிறுநீர்த் தடையும் வரலாம்.

வேரும் விதையும்

"இங்கிலீஷ் மருந்துதானே ஆபத்து, மூலிகையில் என்ன இருக்கிறது?" என்று கேட்பவர்களுக்குச் சர்ப்பகந்தாவின் கதை பதில் சொல்லும். வட இந்தியக் கிராமங்களில் 'பாகல் கீ தவா', அதாவது பைத்திய மருந்து என்று பெயர் பெற்ற வேர் இது. வெறி கொண்டவர்களையும் தூங்க வைக்கும். 1931-இல் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும் மனநோய்க்கும் ரத்தக் கொதிப்புக்கும் இதைப் பரிந்துரைத்துக் கட்டுரை எழுதினார்கள். பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீலின் 1949 கட்டுரை இதை உலகறியச் செய்தது. 1952-இல் ஸ்விட்சர்லாந்தின் சிபா நிறுவனம் இதிலிருந்து ரெசர்பினைப் பிரித்தெடுத்தது. ரத்த அழுத்தத்தை அதிகமாகத் தாழ்த்துவதும் மனச்சோர்வும் இதன் பக்க விளைவுகளாகப் பதிவாயின. வேலை செய்யும் மூலிகை எதுவும் மருந்துதான். மருந்துக்குரிய ஆபத்தும் அதற்கு உண்டு.

அஸ்வகந்தா, தமிழில் அமுக்கரா, இதைவிடச் சாது. இதன் தாவரவியல் பெயரிலுள்ள 'சோம்னிஃபெரா' என்பதற்கே தூக்கம் தருவது என்று பொருள். 400 பேரை உள்ளடக்கிய ஐந்து சோதனைகளை 2021-இல் தொகுத்துப் பார்த்தபோது பலன் உண்டு, ஆனால் சிறியது என்று தெரிந்தது. அபூர்வமாகக் கல்லீரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது. தைராய்டு மாத்திரை சாப்பிடுவோரும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

பாலில் ஒரு சிட்டிகை ஜாதிக்காய் தீங்கில்லாதது. ஸ்பூன் கணக்கில் போனால் நெஞ்சு படபடப்பும் பிரமைகளும் வரும். பாலில் உள்ள டிரிப்டோஃபான் தூங்க வைக்கப் போதுமான அளவில் இல்லை. இளஞ்சூட்டுப் பாலும் தலையில் தடவும் எண்ணெயும் தரும் சுகம், 'நாள் முடிந்தது' என்று உடலுக்குச் சொல்லும் வழக்கத்தில் இருக்கிறது. அது சிறிய விஷயமல்ல.

உடலே இருளில் சுரக்கும் மெலடோனின் இப்போது மாத்திரையாகவும் விற்கிறது. 2013-இல் வெளியான தொகுப்பாய்வின்படி அது தூக்கத்தைச் சராசரியாக 7 நிமிடம் முன்னதாகக் கொண்டுவருகிறது. விமானப் பயணத்தில் நேரம் குழம்பியவர்களுக்கு உதவலாம். வருடக்கணக்கில் தூங்காதவருக்கு அந்த 7 நிமிடம் யானைப் பசிக்குச் சோளப்பொரி.

கடையில் கிடைக்காத வைத்தியம்

நாள்பட்ட தூக்கமின்மை உள்ள எல்லா வயது வந்தவர்களுக்கும் முதல் சிகிச்சை எது? அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-இலும், ஐரோப்பியத் தூக்க நிபுணர்கள் 2017-இலும் அளித்த பதில் ஒன்றே: அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. ஆறு முதல் எட்டு அமர்வுகள். மாத்திரை கிடையாது. முடிந்த பின்பும் பலன் நீடிக்கிறது என்பதே இதன் தனிச்சிறப்பு.

தூங்காதவர் செய்யும் இயல்பான தவறு, இழந்ததை ஈடுகட்டச் சீக்கிரமே படுப்பது. விழித்தபடி புரண்டு புரண்டு, படுக்கை என்றாலே கவலை என்று மூளை கற்றுக்கொள்கிறது. 1972-இல் ரிச்சர்ட் பூட்ஸின் வகுத்த விதி இதை முறிக்கிறது: தூக்கம் வந்தால் மட்டும் படுங்கள், கொஞ்ச நேரத்தில் வராவிட்டால் எழுந்துவிடுங்கள், எப்படித் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுங்கள். இன்னொரு உத்தி, படுக்கை நேரத்தையே சுருக்குவது. எட்டு மணி நேரம் படுத்து ஐந்தரை மணி நேரம் தூங்குபவர், முதலில் ஐந்தரை மணி நேரம் மட்டுமே படுக்கிறார். தூக்கம் கெட்டிப்பட்டதும் சிறிது சிறிதாகக் கூட்டுகிறார். முதல் சில வாரங்கள் பகலில் கண் செருகும். ஆகவே லாரி ஓட்டுனர்கள், வலிப்பு நோயாளிகள் போன்றோர் இதைத் தாமாகச் செய்யக்கூடாது.

படுக்கையைத் தூக்கத்துக்கு மட்டும் ஒதுக்கச் சொன்னால், மும்பையில் ஒற்றை அறையில் வாழும் குடும்பம் என்ன செய்யும்? இங்கே பாய் கைகொடுக்கும். தூக்கம் வரும்போது விரிப்பது, எழுந்ததும் சுருட்டி வைப்பது. அறை ஒன்றே ஆனாலும் தூங்கும் இடம் தனியாகிவிடும்.

இந்தியாவின் பங்களிப்பாக யோக நித்திரையும் இருக்கிறது. 2021-இல் வெளியான இந்திய ஆய்வு ஒன்றில், நாள்பட்ட தூக்கமின்மை உள்ள 41 பேரில் இது நடத்தைச் சிகிச்சையுடன் ஒப்பிடப்பட்டது. இரு பிரிவினருக்கும் தூக்கம் மேம்பட்டது. ஆய்வு சிறியது, ஆனால் நம்பிக்கை தருவது.

சிக்கல் வேறிடத்தில். நடத்தைச் சிகிச்சையில் பயிற்சி பெற்றவர்கள் இங்கே குறைவு. கூட்டம் நிரம்பிய புறநோயாளிப் பிரிவில் ஒரு டாக்டருக்குக் கிடைக்கும் சில நிமிடங்களில் எட்டு அமர்வு பேச முடியாது; சீட்டு எழுத முடியும்.

ஒரு பார்வையில்

அல்ப்ரசோலம், டயஸிபாம்: உடனடி பலன். சில வாரங்களுக்கு மேல் பழக்க ஆபத்து.

சோல்பிடம்: விரைவாகத் தூங்க வைக்கும். தூக்க நடை, முதியோர் விழும் அபாயம்.

அலர்ஜி மாத்திரை: சில நாள் மயக்கம். முதியோருக்கு வேண்டாம்.

மெலடோனின்: நேரக் குழப்பத்துக்குச் சரி. மற்றபடி சிறு பலன்.

அமுக்கரா: சிறு பலன். கல்லீரல், தைராய்டு கவனம்.

மது: முதல் பாதித் தூக்கத்தைத் தந்து பின் பாதியைப் பறிக்கும்.

நடத்தைச் சிகிச்சை: பலன் மெதுவாக வரும், நிலைக்கும்.

ஏற்கனவே சாப்பிடுபவர்கள்

இதைப் படித்துவிட்டு இன்றிரவே மாத்திரையைத் தூக்கி எறியாதீர்கள். மாதக்கணக்கில் சாப்பிட்ட பென்சோடயஸிபினைச் சட்டென்று விட்டால் வலிப்பு வரலாம். தெலங்கானாவில் நடந்தது அதுதான். 2025-இல் வெளியான அமெரிக்க வழிகாட்டுதல், இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவீதம் என்று தொடங்கிக் குறைக்கச் சொல்கிறது. டாக்டரின் மேற்பார்வையில் பொறுமையாக இறங்க வேண்டிய படிகள் அவை. பலத்த குறட்டையும் மூச்சுத் திணறலும் இருந்தால் முதலில் அதைச் சொல்லுங்கள். மூச்சுத் தடை நோய்க்குத் தூக்க மாத்திரை கேடு செய்யும்.

2014 மார்ச் முதல் டயஸிபாம், அல்ப்ரசோலம், சோல்பிடம் எல்லாம் 'எச்1' பட்டியலில் இருக்கின்றன. எழுதிய டாக்டர், வாங்கிய நோயாளி, மருந்தின் அளவு ஆகியவற்றை மருந்துக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் குறித்து மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். சீட்டில்லாமல் நீட்டும் கடைக்காரர் உங்களுக்கு உதவி செய்யவில்லை. அடுத்த முறை டாக்டர் சீட்டு எழுதும்போது இரண்டு கேள்விகள் கேளுங்கள்: இது எத்தனை நாளைக்கு? எப்படி நிறுத்துவது? கடன் வாங்குமுன் தவணை கேட்பதில்லையா?