பூட்டிய கதவும் புகுந்த அச்சமும்

வீடு என்பது மனிதன் அச்சமின்றி உறங்குவதற்கென அமைத்துக்கொண்ட இடம். அவ்விடத்தினுள்ளேயே அந்நியர் புகுந்து வீட்டாரைச் சிறைப்படுத்துவதைப் பொருளாகக் கொண்ட கதைகள் மேனாட்டுத் திரையுலகிலே பலவுண்டு. அவற்றுட் சில பார்ப்போரின் நெஞ்சை உலுக்குகின்றன. வேறு சில, துப்பாக்கி வேட்டுகள் எத்துணை முழங்கினும், எவரையும் தீண்டாமலே முடிந்துவிடுகின்றன. இருமுறை படமாக்கப்பட்ட ஒரே கதை இவ்வேறுபாட்டின் காரணத்தை நன்கு விளக்கும்.

அமெரிக்க எழுத்தாளர் ஜோசப் ஹேய்ஸ் 1954ஆம் ஆண்டில் 'த டெஸ்பரேட் அவேர்ஸ்' என்னும் நாவலை வெளியிட்டார். அடுத்த ஆண்டிலேயே அது நாடகமாகவும், வில்லியம் வைலரின் நெறியாள்கையில் திரைப்படமாகவும் வந்தது. சிறையினின்று தப்பிய மூவர் ஒளிந்திருக்க இடம் தேடுகின்றனர். ஒரு வீட்டு முற்றத்திலே சிறுவனின் துவிச்சக்கர வண்டி கிடப்பதைக் கண்டு அவ்வீட்டையே தெரிவுசெய்கின்றனர். பிள்ளையுள்ள வீட்டிலே பெற்றோர் துணிந்து எதிர்க்கமாட்டார் என்பது அவர்தம் கணக்கு. கதையின் அச்சம் முழுவதும் அந்த வண்டியிலேயே அடங்கிவிடுகிறது. தலைவனாக ஹம்பிறி போகாட்டும், தந்தையாக பிரெட்றிக் மார்ச்சும் நடித்தனர். தந்தையும் மகளும் வெளியே சென்றுவர அனுமதிக்கப்படுகின்றனர். ஆயினும், வீட்டிலே அகப்பட்டிருப்போர் பொருட்டு, அவர்கள் எவரிடமும் வாய்திறக்க இயலாது. அன்றாட வாழ்க்கையே அவர்களுக்கு விலங்காகிவிடுகிறது.

இக்கதை 1990இல் மீண்டும் படமாகியது. நெறியாளர் மைக்கல் சிமினோ, 'த டியர் ஹன்ரர்' படத்துக்காக ஒஸ்கார் பரிசு பெற்றவர். மிக்கி றூர்க்கும் அன்ரனி ஹொப்கின்ஸும் நடித்தனர். திரைக்கதை எழுதியோருள் ஹேய்ஸும் ஒருவர். இத்தனை இருந்தும் படம் விமர்சகரையும் கவரவில்லை, வசூலிலும் தோற்றது.

இதிலே குற்றவாளிகள் காண்பது துவிச்சக்கர வண்டியன்று. 'விற்பனைக்கு' என்னும் பலகை. கணவனும் மனைவியும் ஏற்கெனவே பிரிந்து வாழ்கின்றனர். உடைந்த குடும்பத்தை வெளியிலிருந்து வரும் ஆபத்து ஒன்றாக்குமா என்பது உயர்ந்த கேள்வியே. ஆனால் அதற்கு விடைகாணும் பொறுமை படத்துக்கில்லை. அது வீட்டை விட்டு மலைச்சாரலுக்கும் ஆற்றங்கரைக்கும், பொலிசாரின் ஆரவாரத்துக்கும் அடிக்கடி ஓடிவிடுகிறது. அவ்வீட்டிலே மனிதர் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதை அறியாத பார்வையாளர், அங்கே எது பறிபோகிறது என்பதை எவ்வாறு உணர்வர்? கூச்சலும் இரத்தமும் அக்குறையை நிரப்பவில்லை.

ஹேய்ஸின் கதைக்குத் தூண்டுகோலாயிருந்தவற்றுள் ஒன்று மெய்ச்சம்பவம். 1952ஆம் ஆண்டில், பென்சில்வேனியா மாநிலத்திலே, தப்பியோடிய கைதிகள் மூவர் ஐந்து பிள்ளைகளைக் கொண்ட ஒரு குடும்பத்தை 19 மணி நேரம் வீட்டுக்குள்ளேயே தடுத்துவைத்தனர். எவர்மீதும் ஓர் அடியேனும் விழவில்லை. கைதிகள் மரியாதையாகவே நடந்துகொண்டனர் என்பர். எனினும் அக்குடும்பம் சிறிது காலத்திலே வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தது.

அடி விழாமலே ஒரு வீடு அந்நியமாகிவிடலாம். 1955ஆம் ஆண்டின் படம் இவ்வுண்மையை அறிந்திருந்தது. 1990ஆம் ஆண்டின் படமோ கதவை உடைப்பதிலே காட்டிய அக்கறையை, கதவுக்குப் பின்னாலிருந்த வாழ்வைக் காட்டுவதிலே செலுத்தவில்லை.