குடியானவரும் மோட்டார் சைக்கிளும்: அபாயத்தை நிறுத்துப் பார்த்தல்

எருது வாங்கச் சந்தைக்குச் செல்லும் குடியானவர் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கிறார், சுழி பார்க்கிறார், நாலடி நடக்கவிட்டுக் குளம்பைக் கவனிக்கிறார், முட்டுமா, உதைக்குமா என்று விற்பவரையும் அயலாரையும் விசாரிக்கிறார். அவரே மோட்டார் சைக்கிள் வாங்கும்பொழுது, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும், மாதத் தவணை எவ்வளவு என்ற இரண்டு கேள்விகளோடு நின்றுவிடுவது வழக்கமாயிருக்கிறது. முட்டுமா, உதைக்குமா என்ற விசாரணை அங்கே நடைபெறுவதில்லை.

இவ்வாகனம் இன்று கிராமத்தில் ஆடம்பரப் பொருளன்று. அதுவும் ஒரு விவசாயக் கருவியே. ஓசூரில் செய்யப்பட்ட டி.வி.எஸ். 50 என்னும் மொபெட் 1980ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது முதல், பால் கேனும் காய்கறிக் கூடையும் உரமூட்டையும் சிறுகச் சிறுக வண்டியிலிருந்து இரண்டு சக்கர வாகனத்திற்கு மாறிவிட்டன. நடுநிசியில் மும்முனை மின்சாரம் வரும் நாட்களில் பம்புசெட்டை ஓட்டிவிட்டு வருவதற்கு இதைவிட உதவியானது வேறில்லை. ஆகையால், 'ஏறவே வேண்டாம்' என்று புத்தி சொல்லுவதில் யாதொரு பயனுமில்லை. கிடைக்கும் லாபத்தையும் நேரக்கூடிய நஷ்டத்தையும் ஒரே தராசில் வைத்து, நஷ்டத் தட்டிலுள்ள எந்தெந்தப் படிக்கல்லை எடுத்துவிடலாம் என்று பார்ப்பதே விவேகம்.

நஷ்டத் தட்டு இலேசானதன்று. 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்துக்களில் மாண்டவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய சர்க்காரின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கணக்குக் காட்டியிருக்கிறது. அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரண்டு சக்கர வாகனத்தில் சென்றவர்கள். அவ்வாண்டில் விபத்துக்களின் எண்ணிக்கையில் 64,105 என்று தமிழ்நாடே நாட்டில் முதலிடத்தில் நின்றது. இங்கு உயிரிழந்தோர் 17,884 பேர். இவையெல்லாம் பட்டணத்து நெரிசலில் நேர்வன என்று எண்ணுவது தவறு. நாடு முழுவதிலும் சாலையில் மாண்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் கிராமப்புறச் சாலைகளிலேயே மாண்டிருக்கின்றனர். மோட்டார் சைக்கிளையும் காரையும் ஒப்பிட்டுப் பார்த்த அமெரிக்கக் கணக்கொன்றும் இங்கே கவனிக்கத்தக்கது. ஒரே தூரம் பிரயாணம் செய்யுமிடத்து, காரில் செல்பவரைவிட மோட்டார் சைக்கிளில் செல்பவர் மரணமடையும் வாய்ப்பு அந்நாட்டில் இருபது மடங்குக்கும் மேற்பட்டது.

காரணம் எளிது. காரில் இருப்பவரைச் சுற்றி இரும்புக் கூடு உண்டு. இங்கே ஓட்டுபவரின் உடலே கூடு. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் சென்று எதிலாவது மோதுவது, 5 மீட்டர், அதாவது ஏறக்குறைய 17 அடி உயரத்திலிருந்து தரையில் விழுவதற்குச் சமம். வேகம் 50 ஆனால் அவ்வுயரம் 32 அடியாகிறது. நீரற்ற கிணற்றில் விழுவதென்றே கொள்ளலாம். 72 கிலோமீட்டர் வேகத்தில் மோதுபவர் 66 அடி உயரமுள்ள தென்னையின் உச்சியிலிருந்து விழுபவரே ஆவார். வேகம் இரட்டித்தால் அடியின் வலு நான்கு மடங்காகும் என்பது இயற்கை விதி. தென்னை ஏறும்பொழுது காலில் தளைநாரை மாட்டிக்கொள்ளாத ஆள் கிராமத்தில் இல்லை. ஆனால் அந்த உயரத்திற்குச் சமமான வேகத்தில், ஒரு கையில் கைபேசியைப் பிடித்துக்கொண்டு செல்பவர்கள் தினமும் காணப்படுகிறார்கள்.

வேகத்தால் கிடைக்கும் லாபம் என்ன? எட்டுக் கிலோமீட்டர் தூரத்திலுள்ள சந்தைக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் 12 நிமிஷம். 60இல் சென்றால் 8 நிமிஷம். மிச்சமாகும் நான்கு நிமிஷமும் அநேகமாகத் தேநீர்க் கடை வாசலில் செலவாகிவிடும். இதற்குக் கொடுக்கும் விலையைப் பார்க்கவேண்டும். எதிரில் மாட்டைக் கண்டவுடன் பிரேக்கை அழுத்தக் கை முனைவதற்கே ஒரு விநாடி பிடிக்கிறது. அதையும் சேர்த்து, காய்ந்த நல்ல சாலையில் 40இல் செல்லும் வண்டி நிற்க ஏறக்குறைய 22 மீட்டர் தேவை. 60இல் செல்வதற்கு 40 மீட்டர் தேவை. வேகம் ஒன்றரைப் பங்காகும்பொழுது நிற்கும் தூரம் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. சாலை ஈரமாயிருந்தாலும், டயர் வழுக்கையாயிருந்தாலும் இக்கணக்கு இன்னும் நீளும்.

முன் பிரேக்கைத் தொட்டால் வண்டி தலைகுப்புறக் கவிழும் என்ற பயம் கிராமங்களில் பரவலாக உண்டு. அதனால் அநேகர் பின் பிரேக்கை மட்டும் மிதித்தே பழகியிருக்கின்றனர். பிரேக் போடும்பொழுது பாரம் முன்சக்கரத்தின் மேல் சாய்வதால், காய்ந்த தார்ச்சாலையில் வண்டியை நிறுத்தும் சக்தியில் பெரும்பகுதி முன் பிரேக்கிலேயே இருக்கிறது. வண்டி நேராக ஓடும்பொழுது இரண்டையும் சேர்த்து, வெடுக்கென்று இழுக்காமல் வரவர இறுக்கிப் பிடிக்கவேண்டும். மணல், சேறு, உதிர்ந்த தானியம் ஆகியவற்றின் மேலும், வளைவில் சாய்ந்து செல்லும்பொழுதும் முன் பிரேக்கைப் பலமாகப் பிடிக்கலாகாது. 2019 ஏப்ரல் முதல் விற்கப்படும் புதிய வண்டிகளில், 125 சி.சி.க்கு மேற்பட்டவற்றில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். அமைப்பும், அதற்குக் குறைந்தவற்றில் குறைந்தபட்சம் இரு பிரேக்குகளும் சேர்ந்து பிடிக்கும் அமைப்பும் இருத்தல் வேண்டுமென்பது சட்டம். பழைய வண்டி வாங்குவோர் இதை விசாரித்து வாங்குவது நலம்.

பாரம் ஏற்றுதல்

யூரியா மூட்டை ஒன்று 45 கிலோ; டி.ஏ.பி. மூட்டை 50 கிலோ. மொபெட்டின் சொந்த எடையோ ஏறக்குறைய 90 கிலோதான். இரண்டு யூரியா மூட்டைகளை ஏற்றினால், வண்டி தன் எடையளவு சுமையையும், அதற்குமேல் ஓட்டுபவரையும் சுமக்கிறது. பின் அச்சுக்கு அப்பால் தொங்கும் சுமை முன்சக்கரத்தைத் தூக்குகிறது. கைப்பிடி திரும்பினாலும் வண்டி திரும்பத் தாமதிக்கிறது. முழங்காலுக்கு நடுவில் வைத்த மூட்டையோ கைப்பிடியின் திருப்பத்தையே தடுத்துவிடுகிறது. இரண்டு மூட்டைகளை இரண்டு நடையாகக் கொண்டுவருவதே சிலாக்கியம். ஒரே நடைதான் என்றால், மூட்டையை இருக்கையோடு ஒட்டித் தாழ்வாகக் கிடத்தி, ரப்பர் நாடாவுக்குப் பதில் கயிற்றால் இரண்டு இடத்தில் இறுக்கிக் கட்டவேண்டும்.

பால்காரர்கள் அறிந்திருக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. நிறைந்த கேனைவிடப் பாதி நிறைந்த கேன் அபாயமானது. திருப்பத்தில் பால் ஒரு பக்கம் அலைமோதி வண்டியைத் தன் பக்கம் இழுக்கும். இருபுறமும் ஒரே அளவாகப் பங்கிட்டுக் கட்டுதல் இதைப் பெரிதும் குறைக்கும். பசும்புல், சோளத்தட்டுக் கட்டுகள் கைப்பிடியின் அகலத்தைத் தாண்டலாகாது. தன் வண்டியின் அகலத்தை மறந்து பேருந்தின் பக்கத்தில் நுழைபவரைப் பேருந்து மறப்பதில்லை. அரிவாளையும் மண்வெட்டியையும் சாக்கில் சுற்றி, முனை பின்னோக்கும்படி கட்டவேண்டும். பூச்சிமருந்துப் புட்டியை மடியிலோ சட்டைப்பையிலோ வைத்துக்கொண்டு செல்லுதல் கூடவே கூடாது.

களமாகும் சாலை

இதுவரை கூறியது ஓட்டுபவரைப் பற்றியது. கிராமச் சாலையின் அபாயத்தில் ஒரு பங்கு வேறிடத்திலிருந்து வருகிறது. அது குடியானவர்களே ஒருவருக்கொருவர் விளைவிப்பது. அறுவடைக் காலத்தில் கேழ்வரகு, கொள்ளு, சோளம், உளுந்து ஆகியவை தார்ச்சாலையில் பரப்பப்படுகின்றன. உருண்டையான தானியத்தின் மேல் ஏறிய சக்கரம், உருளைகளின் மேல் ஏறியது போலவே பிடியற்றுப் போகிறது. கார் தாண்டிவிடும், லாரி கவனிக்கவும் கவனிக்காது, விழுவது இரண்டு சக்கர வண்டியே. தானியத்தைக் காப்பதற்காக ஓரத்தில் வைத்த கருங்கற்களை மாலையில் எடுக்க மறந்துவிட்டால், இருட்டிய பின்பு அவை வேறொரு குடியானவரின் தலைக்குக் காத்திருக்கின்றன.

இங்கே பரப்புபவரின் இக்கட்டையும் நினைக்கவேண்டும். நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் வழக்கமாக ஏற்கப்படுவதில்லை. மேகம் திரண்டு நிற்கும்பொழுது, களமில்லாதவருக்குச் சூடான தார்ச்சாலையே கண்ணில் படும். ஆயினும் கல்லும் மண்ணும் கலந்த தானியத்திற்கு விலை குறைகிறது. பொது வழியில் இடையூறு செய்வது, 2024 ஜூலை முதல் அமலிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதையின் 285ஆம் பிரிவின்படி ஐயாயிரம் ரூபாய் வரை அபராதத்துக்குரிய குற்றமுமாகும். அபராதம் விதிப்பதால் மட்டும் நெல் காய்ந்துவிடாது. ஆகையால் ஊராட்சித் தலைவரும் கிராம நிர்வாக அலுவலரும் அறுவடைக்கு ஒரு மாதம் முன்னதாகவே ஊரிலுள்ள பொதுக்களங்கள், மைதானங்கள், வெட்டவெளிகள் ஆகியவற்றைக் கணக்கெடுத்து, யார் எந்நாளில் உலர்த்துவது என்று முறை வகுத்துக் கொடுப்பதே உண்மையான பரிகாரம். பழுதான களத்தைச் செப்பனிட மனுச் செய்வதற்கும் அதுவே தருணம். கதிர் சாய்ந்தபின் செய்யும் மனு அடுத்த போகத்துக்குத்தான் உதவும்.

டிராக்டர் வைத்திருப்போரும் இதில் சேர்ந்தவர்களே. கரும்பு ஏற்றிய டிரெய்லர் பின்விளக்கின்றி இரவில் சாலையோரம் நின்றால், அதன் பின்னால் 60 கிலோமீட்டர் வேகத்தில் வருபவரின் தாழ்ந்த விளக்கு வெளிச்சம் 30 அல்லது 40 மீட்டருக்கு மேல் நன்றாகக் காட்டாது. அவர் நிற்பதற்கு வேண்டிய தூரமோ 40 மீட்டர். கண்டபின் நிற்க இடமில்லை. டிரெய்லரின் பின்புறம் ஒட்டும் சிவப்புப் பிரதிபலிப்புப் பட்டையின் விலை அற்பமானது. கரும்பு அதை மறைக்குமாயின், கரும்பின் நுனியிலேயே ஒரு பிரதிபலிப்பானைத் தொங்கவிடலாம். சேற்றுழவு முடித்த டிராக்டரைக் கேஜ் வீலோடு சாலையில் ஏற்றுவதால் தாரும் பெயர்கிறது. சேறும் சாலையில் உதிர்ந்து, மறுநாள் காலையில் பால்காரரை வீழ்த்துகிறது.

தலைக்கவசம்

தட்டிலுள்ள கற்களில் மிகப் பெரியதை மிகச் சுலபமாக எடுக்கும் வழி இதுவே. பல நாட்டு ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்ததில், தலைக்கவசம் விபத்தில் மரணமடையும் வாய்ப்பை நூற்றுக்கு 42 அளவும், தலைக்காயத்தை 69 அளவும் குறைப்பதாகத் தெரிகிறது. 2022இல் கவசமின்றி மாண்டவர்கள் இந்தியாவில் 50,029 பேர். அவர்களில் பதினாலாயிரத்துக்கு மேற்பட்டோர் பின்னால் அமர்ந்து சென்றவர்கள். தமிழ்நாட்டில் சென்னை உயர்நீதிமன்றத்தின் உத்தரவின்பேரில் 2015 ஜூலை முதல் இது கண்டிப்பாக அமல் செய்யப்பட்டது. எனினும் கவசம் பெட்ரோல் டாங்கின் மேலும் முழங்கையிலும் பிரயாணம் செய்வது நின்றபாடில்லை.

'வயலுக்குத்தானே, இரண்டு கிலோமீட்டர்தானே' என்பதும், 'வெயிலில் வேர்க்கிறது' என்பதும் கூறப்படும் ஆட்சேபணைகள். வேர்ப்பது உண்மை; சாவடியில் மட்டும் அணிவதற்கு அது நியாயமாகாது. ஐ.எஸ். 4151 என்ற எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் உள்ளதையே வாங்கவேண்டும். தலையில் தடித்த துண்டைச் சுற்றி அதன்மேல் கவிழ்த்த கவசம் பொருந்தி நிற்காது. மோதும் கணத்தில் கழன்று ஓடும். மோவாய்ப் பட்டையை மாட்டாதவர் நிலையும் அதுவே. உள்ளிருக்கும் வெண்ணிற நுரைப்பஞ்சு தான் நசுங்கி மண்டையைக் காப்பது. ஒருமுறை பலமாக அடிபட்ட கவசம் வெளியே பளபளத்தாலும் மறுமுறை உதவாது.

பெண்கள் பின்னால் ஒரு பக்கமாக அமர்ந்து செல்லும்பொழுது புடவைத் தலைப்பு சக்கரத்தில் சிக்கி இழுக்கப்படுவது அடிக்கடி நேர்கிறது. கைப்பிடி, கால்மிதி, பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் மறைப்பு ஆகிய மூன்றும் வண்டியில் இருக்கவேண்டுமென்று 1989ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகள் கூறுகின்றன. அழகுக்காக மறைப்பைக் கழற்றிவிடும் பிள்ளைகளைப் பெற்றோர் கண்டிக்கவேண்டும். பதினெட்டு வயது நிரம்பாத பையனிடம் மோட்டார் சைக்கிளைக் கொடுத்தனுப்பி, அவன் விபத்துக்குக் காரணமானால், 2019இல் திருத்திய சட்டப்படி பெற்றோருக்கு அல்லது வண்டியின் உடைமைக்காரருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறைவாசமும் உண்டு. இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டி பிறரை மோதிவிட்டால், நஷ்டஈடு நிலத்தை விற்றும் கொடுக்கும்படி நேரிடலாம்; ஆகையால் பாலிஸி முடியும் தேதியை நிலவரி ரசீதோடு சேர்த்துக் குறித்துவைத்தல் நலம்.

விபத்து நேர்ந்துவிட்டால்

அடிபட்டவரைத் தூக்கிச் சென்றால் வழக்கில் மாட்டிக்கொள்ள நேரும் என்ற அச்சத்திற்கு இப்பொழுது இடமில்லை. நல்லெண்ணத்தோடு உதவுபவர்மேல் சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ தொடரலாகாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு காப்பளிக்கிறது. 2021 டிசம்பரில் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம், விபத்துக்குள்ளானவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் குறிப்பிட்ட வரம்புக்குள் இலவசமாக அளிப்பதற்கு ஏற்பட்டது. 108க்குத் தகவல் சொல்லும்பொழுது ஊரின் பெயரோடு, அருகிலுள்ள மைல்கல், பாலம் அல்லது கோயிலையும் குறிப்பிடவேண்டும்.

நினைவிழந்தவருக்குச் சோடாவோ தண்ணீரோ புகட்டலாகாது. அது மூச்சுக்குழலில் இறங்கும். இரத்தம் ஒழுகும் இடத்தில் சுத்தமான துணியை மடித்து அழுத்திப் பிடிக்கவேண்டும். கவசத்தைப் பிடித்து இழுக்காமல், மூச்சுத் தடைப்பட்டாலன்றி அப்படியே விட்டுவிடவேண்டும். அடிபட்டவரை மற்றொரு மோட்டார் சைக்கிளில் இருவருக்கு நடுவில் உட்காரவைத்து அணைத்துப் பிடித்துக்கொண்டு ஓடுவது கிராமங்களில் பரிவோடு செய்யப்படும் காரியந்தான். ஆனால் கழுத்தெலும்போ முதுகெலும்போ முறிந்திருந்தால், அந்தப் பிரயாணமே அவருடைய கைகால்களை ஆயுள் முழுவதும் முடக்கிவிடக்கூடும். 108 வரத் தாமதமாகி, கொண்டுபோயே தீரவேண்டும் என்ற நிலை வந்தால், ஒரு கதவையோ பலகையையோ கொணர்ந்து, தலையும் கழுத்தும் அசையாதபடி ஒருவர் பிடித்துக்கொள்ள, நால்வர் சேர்ந்து கிடத்தி, சரக்கு ஏற்றும் வண்டியில் மெதுவாகக் கொண்டுசெல்லவேண்டும்.